ஒரு லட்சம் கொடுத்த பிறகு அரமும் நானே வாங்க வேண்டுமா?

“செட்டப் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் சார்.” இசைக்கருவிக் கடைகளில் இந்த வாக்கியத்தை உச்சரிக்கக் கூடாது என்று யாராவது ஓர் அரசாணை போட்டால் முதல் கைதட்டல் என்னுடையதாக இருக்கும். பத்தாயிரம் ரூபாய்க்குக் கிட்டார் வாங்கும் கல்லூரி மாணவனிடம் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். 1,20,000 ரூபாயை எண்ணி வைத்தவனிடமும் வாய் கூசாமல் அதையே சொல்கிறார்கள்.

நான் வாங்கியது இந்தோனேசியாவில் செய்த ஐந்து கம்பி பேஸ் கிட்டார். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தப் பெயருக்காக வரிந்துகட்டிக்கொண்டு நாலு பேர் வருவார்கள், பேச்சு திசைமாறிவிடும். மேற்பலகையில் ரேகை அலையலையாக ஓடும் மேப்பிள் மரம், வார்னிஷ் பளபளப்பு, பார்ப்பதற்கு லட்சணம்தான், மறுக்கவில்லை. கழுத்தின் ஓரமாக இடது கையை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டினால்தான் வண்டவாளம் தெரியும். கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளை ஃபிரெட் என்பார்கள்; அவற்றின் முனைகள் ஒவ்வொன்றாகத் தோலைக் கீறுகின்றன. கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களைப் பாதி அராவிவிட்டு யாரோ தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். ஜி கம்பியை முதல் ஃபிரெட்டில் அழுத்தினாலே சுருதி ஏறிவிடுகிறது. அழுத்திய சுரத்துக்குச் சேர்த்தால் திறந்த கம்பி இறங்கி நிற்கிறது, திறந்த கம்பிக்குச் சேர்த்தால் அழுத்திய சுரம் பிசகுகிறது. கேபிள் செருகும் ஜாக்கின் மறை விரலாலேயே சுழல்கிறது. பின்பக்க மூடியைக் கழற்றினால் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் ஒரே ஒரு இழையில் தொங்குகிறது. அதில் கை வைத்தேன், கையோடு வந்துவிட்டது.

செட்டப் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை ஆலன் சாவியால் கால் சுற்று திருப்பி வளைவைச் சரிசெய்வது, பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சேடில்களை ஏற்றி இறக்குவது, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சுருதி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. மரம் கப்பலில் வந்திருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது, கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதிலும் ஆளுக்கு ஒரு விருப்பம். ஆகவே அந்த வேலை இங்கே நடப்பதுதான் முறை. ஃபிரெட் முனையை அராவி மழுக்கி உருட்டுவதும் நட்டுக்குப் பள்ளம் எடுப்பதும் இந்தக் கணக்கில் சேராது. அவை கருவியைச் செய்து முடிக்கும் வேலைகள். ஒன்றரை லட்சத்துக்கு பைக் வாங்கியவனிடம், “பிரேக்கை மட்டும் வெளியே எங்காவது மாட்டிக்கொள்ளுங்கள்” என்று எந்த ஷோரூமிலாவது சொல்வார்களா?

இதற்குக் கடையில் வைத்திருக்கும் சாக்கு இன்னும் அழகு: “நம் ஊர் தட்பவெப்பம் சார்.” மரம் ஈரத்தை இழந்து சுருங்கும்போதுதான் ஃபிரெட்டின் முனை வெளியே நீட்டும். சென்னையில், அதுவும் ஐப்பசி மழையில், மரம் ஊதுமே தவிரச் சுருங்காது. அப்படியே கடையின் ஏசியில் கிடந்து சுருங்கியிருந்தாலும், ஒழுங்காக உருட்டிய முனை நீட்டினால் விரலுக்கு மெல்லத் தட்டுப்படும். வெட்டிய இடத்தில் அரமே படாத முனைதான் கீறும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் பேஸ் கிட்டார் விற்கிறார், தெரிந்தே சொல்கிறார் என்றால் இன்னும் மோசம்.

கடைசியில் பழுது பார்ப்பவரிடம்தான் கொண்டுபோனேன். மனிதர் கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டினார், விலையைக் கேட்டார். “ஏன் தம்பி, இவ்வளவு கொடுத்தும் மிச்ச வேலையை நான்தான் முடிக்க வேண்டுமா?” என்றார். மெல்லிய முக்கோண அரத்தால் ஒவ்வொரு முனையாக எடுத்து, ஃபிரெட்கள் பதித்த பலகையான ஃபிரெட்போர்டு கீறாமல் இருக்க டேப் ஒட்டி, உப்புத்தாளில் முடித்துக் கொடுத்தார். பழகிய கைக்கு மிஞ்சிப் போனால் ஒன்றிரண்டு மணி நேர வேலை. அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தைத்தான் 1,20,000 ரூபாய்க்குள் அடக்க முடியாது என்று ஒரு நிறுவனம் முடிவு செய்திருக்கிறது.

இதைச் சொன்ன உடனே, “இந்தோனேசியச் சரக்கு பின்னே எப்படி இருக்கும்?” என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. அவர்கள் மேல் எனக்கு வரும் கோபம் நிறுவனத்தின் மேல் வருவதைவிட ஒரு படி அதிகம். நமக்கு அமெரிக்காவும் கடல் கடந்ததுதான், ஜாவாவும் கடல் கடந்ததுதான். இதில் ஒன்றுக்கு மட்டும் எதற்கு இந்த பக்தி? 1951இல் லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் பிரிசிஷன் பேஸ் என்ற கிட்டாரைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துக் கருவிகள் இன்று வாய் பிளக்கும் விலைக்குப் போகின்றன. அவற்றில் பலவற்றின் கழுத்துகளைச் செதுக்கி அடியில் டி.ஜி. என்று எழுதிவைத்தவர் டாடியோ கோமெஸ். 1956இல் வேலைக்குச் சேர்ந்து கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளைப் பல பத்தாண்டுகள் சுற்றியவர் அபிகெய்ல் இபாரா. அவர் கையெழுத்திட்ட பிக்கப்புக்குத் தனி மதிப்பு. மெக்சிகோ வழிவந்த தொழிலாளர்களின் கைகளில் உருவானதைத்தான் அசல் அமெரிக்கத் தரம் என்று கும்பிடுகிறார்கள். அதே ஃபெண்டர் நிறுவனம் எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் எஞ்செனாடாவில், தொழிற்சாலை வைத்தால் மட்டும் “மெக்சிகோ மேக்தானே” என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். கலிபோர்னியாவின் கரோனா நகரில் உள்ள அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து காலையில் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு எஞ்செனாடா போய்விடலாம்.

ஜப்பான் கதை அதைவிடச் சுவையானது. 1965இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு ஃபெண்டரின் தரம் மெல்ல மெல்ல இறங்கியது. 1970களின் கருவிகளில் கழுத்து சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்ததைப் பற்றிப் புலம்பாத பழைய வாசிப்பாளர் குறைவு. 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கி, மாட்சுமோட்டோ நகரத்தின் ஃபுஜிகென் தொழிற்சாலையில் கருவிகள் செய்ய ஆரம்பித்தார்கள். மலிவு ரகமாகப் போன ஸ்குவயர் கருவிகளும் அங்கேதான் உருவாயின. ஜேவி என்று தொடங்கும் வரிசை எண் கொண்டவற்றை இன்று சேகரிப்பாளர்கள் வலைவீசித் தேடுகிறார்கள். மலிவாக விற்கப் போன இடத்தில் வேலையை முழுதாக முடித்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் இந்தோனேசியக் கைகளுக்கு மட்டும் வேலை வராதா? அமெரிக்க பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் பெயரில் வரும் சைர் பேஸ்களை எடுத்துப் பாருங்கள். செய்வது இந்தோனேசியாவில். விலை நான் கொடுத்ததைவிட எவ்வளவோ குறைவு. ஃபிரெட்போர்டின் ஓரத்தை உருட்டியே அனுப்புகிறார்கள். கனடாவின் சஸ்கட்டூனில் இருக்கும் டிங்வால் நிறுவனம் தன் கம்பஸ்சன், என்ஜி வரிசைகளைச் சீனாவில் செய்கிறது. விசிறிபோல் விரியும் ஃபிரெட்கள், எல்லாவற்றிலும் தடித்த பி கம்பிக்கு 37 அங்குல நீளம், சாதாரண பேஸைவிட மூன்று அங்குலம் அதிகம். செய்வதற்குச் சள்ளை பிடித்த வடிவம். நண்பர் ஒருவரிடம் ஒன்று இருக்கிறது. கழுத்தில் கையை ஓட்டினேன், நட்டைப் பார்த்தேன், குறை சொல்ல வேண்டும் என்றே பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நான் கொடுத்த விலையை அவர்கள் கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். எங்கே செய்தாலும் கொடுக்கிறேன், செய்து முடித்துக் கொடு என்பதுதானே என் வழக்கு!

ஆக, கைகளுக்குத் திறமை இல்லை என்பது வெறும் பேச்சு. அந்தக் கைகளுக்கு நேரம் தரவில்லை. மரம் அறுக்கும் வேலையைக் கணினி இயந்திரம் எங்கே வைத்தாலும் ஒரே மாதிரிதான் செய்கிறது. ஒரு கருவியை இன்னொன்றிலிருந்து பிரிப்பது கடைசி மேசையில் நடக்கும் கைவேலை. நெருக்கடி வந்தால் முதலில் கத்தரி விழுவதும் அந்த மேசையில்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கழுத்து என்று கணக்கு வைத்துவிட்டால் அவர் எத்தனை முனையைத்தான் உருட்டுவார்?

சரி, மலிவான கூலியைத் தேடிப் போனார்களே, மிச்சமான பணம் எங்கே? கொரியாவின் கோர்ட் நிறுவனத்தை நினைத்துக்கொள்கிறேன். உலகத்தின் பெரிய பெயர்கள் பலவற்றுக்குக் கிட்டார் செய்து கொடுத்த நிறுவனம் அது. 2007இல் தொடங்கி இன்சோன், டேஜோன் நகரங்களில் தொழிலாளர்களை வெளியேற்றித் தொழிற்சாலைகளை மூடியது. உற்பத்தி இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போனது. வேலை இழந்தவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள், வழக்காடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். வாழ்நாளெல்லாம் கிட்டார் செய்தும் வாசிக்கத் தெரியாதவர்கள், வாசிக்கக் கற்றுக்கொண்டு ஓர் இசைக்குழுவே அமைத்தார்கள். 2019 ஏப்ரலில்தான் சமரசம் ஏற்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு நாட்டில் கூலி ஏறினால் அடுத்த நாட்டுக்குப் போகும் இந்தத் தொழிலில், அப்படிப் போனதற்காக எந்தக் கருவியின் விலையாவது இறங்கி நான் பார்த்ததில்லை. மிச்சமான பணம் பழைய தொழிலாளிக்கும் போகவில்லை, புதிய தொழிலாளியின் கடைசி மேசைக்கும் போகவில்லை, எனக்கும் தள்ளுபடியாக வரவில்லை. தலைப்பலகையில் ஒட்டிய பெயர் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கொழுக்கிறது.

உதிரிப் பாகங்களிலும் இதே கண்கட்டு வித்தை. நடுத்தர விலைக் கருவிகளில் “டங்கன் டிசைன்ட்” என்று பிக்கப் வரும். வரைபடம் கலிபோர்னியாவின் பெயர்பெற்ற பிக்கப் நிறுவனமான சீமோர் டங்கனுடையது, சுற்றுவது கொரியாவில். சுற்றட்டும், நன்றாகவே ஒலிக்கட்டும். கடைக்காரர் ஏன் முதல் சொல்லை மட்டும் உரக்கச் சொல்லி இரண்டாவதை விழுங்குகிறார்?

என் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் இருந்த வெள்ளை ஸ்டிக்கரை உரித்து வைத்திருக்கிறேன். இறக்குமதியாளர் முகவரி, மாதம், ஆண்டு, எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் எறும்பு எழுத்தில். அதிகபட்ச சில்லறை விலை 1,58,000 என்று கொட்டை எழுத்தில். அந்த விலைக்கு இந்தியாவில் எவரும் வாங்கியிருக்க மாட்டார்கள். “உங்களுக்காக” என்று சொல்லி 1,20,000க்குக் கொண்டுவருவதற்காகவே அச்சடித்த எண் அது. சுங்கத் தீர்வை, ஜிஎஸ்டி, இறக்குமதியாளர் லாபம், கடை லாபம் எல்லாம் சேரும் என்று தெரியாத அளவுக்கு நான் குழந்தை இல்லை. ஆனால் இத்தனை கைகள் மாறி வந்த பொருளை, இதில் லாபம் வைத்த ஒருவராவது பெட்டியைத் திறந்து பார்த்தாரா? தீர்வை வாங்கிய அரசாங்கத்தை விடுங்கள். மற்ற இருவருக்கும் ஒரு ஸ்க்ரூடிரைவர் பிடிக்க என்ன கேடு?

இந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நாங்கள் மெல்லிசைக் குழுக்காரர்கள். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா. மேடையில் பாடகருக்கு விளக்கு, கீபோர்டுக்காரருக்கு முன்வரிசை, பேஸ் வாசிப்பவனுக்கு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் மூலை. இளையராஜா பாட்டுகள் இருப்பதால்தான் எங்களையும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் பேஸுக்கு எழுதியதை வாசிக்கும்போது கூட்டத்தில் யாராவது ஒருவர் அந்த வரிசையை வாயால் முணுமுணுப்பார். அந்த மேடைக் காசில் தவணை கட்டுகிறோம். ஓய்வுபெற்ற பிறகு சுவரில் மாட்டிவைக்க வாங்கும் அமெரிக்கப் பல் மருத்துவருக்கு ஃபிரெட் முனை ஒரு பொருட்டில்லை. மூன்று மணி நேரம் இறங்காமல் வாசிக்கும் கைக்குத்தான் அது பொருட்டு.

இங்கே ஒரு தத்துவவாதி வருவார். “தொனி விரலில் இருக்கிறது, கருவியில் இல்லை” என்பார். இருக்கட்டும். அந்த விரலைத்தானே உங்கள் கருவி கிழிக்கிறது! இன்னொருவர், “அந்த விலைக்கு அமெரிக்கத் தயாரிப்பு கிடைக்குமா?” என்று மடக்குவார். கிடைக்காது; அதற்கு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகும். நான் அமெரிக்கத் தயாரிப்பு கேட்கவே இல்லையே. முழுதாக முடித்த இந்தோனேசியத் தயாரிப்பு கேட்டேன். இரண்டு ஆண்டு உத்தரவாதம் இருக்கிறதே என்பார் மூன்றாமவர். உத்தரவாத அட்டையில் ஃபிரெட், நட், ஜாக் எல்லாம் தேய்மானப் பட்டியலில் இருக்கின்றன. வாசிக்கும் முன்பே தேய்ந்த பொருளை இப்போதுதான் பார்க்கிறேன்.

கருவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பெட்டியைத் திறந்துவிட்டீர்களே என்றார்கள். திறக்காமல் பேஸ் வாசிக்கும் வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இனி எந்தக் கடைக்குப் போனாலும் பையில் ஒரு பழைய மெல்லிய வேட்டித் துண்டு இருக்கும். எந்த நாட்டுக் கருவியானாலும் கழுத்தின் இரண்டு ஓரத்திலும் அதை இழுப்பேன். ஒரு நூல் சிக்கினாலும் விலையைப் பாதியிலிருந்து பேசலாம் என்பேன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போங்கள். பத்துப் பேர் கடைக்குள் துணியோடு நின்றால் “செட்டப் செய்தால் சரியாகிவிடும்” என்ற வசனத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன்.