இலவசச் சமையல்காரன்

அலுவலகத் தம்பி ஒருவன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். கர்நாடக மலைநாட்டில், மழைக்காட்டுக்குள் இருக்கும் ஒரு குடியிருப்பில் இரண்டு வாரம் தன்னார்வச் சமையல்காரனாகப் போகிறானாம். "அண்ணா, நீங்க போயிட்டு வந்தவர்தானே, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்றான். போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

நான் போனது போன வருடம் ஜூலையில், வேறு ஓர் இடத்துக்கு. பெயர் வேண்டாம். அதே மலைநாட்டில் இருக்கும் ஆகும்பே என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ஆகும்பேயில் வருடத்துக்குச் சராசரியாக 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடும். நம் பெங்களூருவுக்கு வருடம் முழுக்க 1,000 வந்தாலே சில்க் போர்டு சந்திப்பில் நீச்சல்தான். நான் போன இடத்தில் மரக்கன்று வளர்க்கிறவர்கள், தவளை ஆராய வந்த மாணவர்கள் என்று தினமும் 24 பேருக்குச் சாப்பாடு. பெங்களூரு அல்சூரில் கோயில் அன்னதானத்துக்குப் பல வருடம் கரண்டி பிடித்தவன் என்கிற தைரியத்தில் ஒத்துக்கொண்டேன். அங்கே நான் கரண்டி பிடித்தது உண்மை. அடுப்பு மூட்டியது வேறு ஆள் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

முதல் நாள் காலை அரைப் பெட்டித் தீக்குச்சி காலி. விறகு ஈரம், தீப்பெட்டி ஈரம், உப்பு ஜாடியில் தண்ணீர். அப்போது பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், "சும்மா பார்க்க வந்தேன்" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அடுப்புக்கு மேலே இருந்த பரணைக் காட்டினார். மழைக்கு முன்பே வெட்டி அடுக்கிய விறகு அங்கே புகையில் காய்ந்துகொண்டிருந்தது. நான் எடுத்திருந்தது வாசலில் கிடந்த விறகை. காய்ந்த பாக்கு மட்டையைக் கிழித்து அடியில் வைத்தார். ஒரே குச்சி.

மதியம் சோற்றில் மாட்டினேன். சிவப்புப் புழுங்கலரிசியை, அங்கே குச்சலக்கி என்பார்கள், சோனா மசூரி கணக்கில் இருபது நிமிடத்தில் இறக்கப் பார்த்தேன். அது ஒரு மணி நேரச் சமாச்சாரம். நனைந்து திரும்பியவர்கள் அவலும் வெல்லமும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தன்னார்வத்தில் ஆசிரியராகப் போகிறவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் தெரியவே வருடமாகும். சமையல்காரன் அரை மணியில் பிடிபட்டுவிடுவான்.

மூங்கில் குருத்தை, களலெ என்பார்கள், அன்றைக்கே நறுக்கி வதக்க இருந்தேன். அக்கா கத்தியைப் பிடுங்காத குறை. அதில் சயனைடு வகை நஞ்சு உண்டு. நறுக்கித் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, மூன்று நாள் கழித்துத்தான் வேகவைக்க வேண்டும். சேம்பிலையில் புளி சேர்க்காவிட்டால் தொண்டை அரிக்கும். வல்லாரையைத் தேங்காயோடு அரைத்து மோரில் கலந்தால் தம்புளி. கடையில் வாங்கிப் போன சாம்பார் பொடி அதற்குப் பிறகு பையிலேயே கிடந்தது.

அக்கா தினமும் காலை ஆறு மணிக்கு வருவார், ஏழரைக்குப் போய்விடுவார். சாயங்காலம் ஒரு தரம் எட்டிப் பார்ப்பார், முழங்கால் வரை சேறு. நல்ல மனுஷி, பாவம் வயல் வேலையும் பார்த்துக்கொண்டு நமக்கும் உதவுகிறாரே என்று வீட்டுக்குப் போனில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் ஒரு மாணவிதான் சொன்னாள். அந்தச் சமையலறையில் சம்பளத்துக்கு இருந்தது அந்த அக்காதான். தன்னார்வலர் வரும் வாரங்களில் அவருக்குச் சம்பளமில்லாத விடுமுறை. அதனால்தான் கூலிக்கு நாற்று நடப் போய்க்கொண்டிருந்தார். போவதற்கு முன்னால் வந்து எனக்குத் தீ மூட்டிக் கொடுத்திருக்கிறார்.

நான் சும்மாவும் போகவில்லை, 6,000 ரூபாய் பங்களிப்பு கட்டிவிட்டுப் போயிருந்தேன். நிர்வாகியிடம் கேட்டதற்கு, மிச்சமாகும் பணம் மரக்கன்றுகளுக்குத்தான் போகிறது என்றார். பொய்யில்லை. பணமில்லாமல் திணறுகிற இடம், நிர்வாகி வீட்டிலும் அதே புழுங்கலரிசிதான். ஆனால் காட்டைக் காப்பாற்ற என்று நகரத்திலிருந்து ஒருவன் காசு கட்டி வந்து இறங்க, காட்டோரத்தில் இருப்பவரின் சம்பளம் நிற்கிறது என்றால் அதற்குச் சேவை என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகவே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. சம்பளக்காரருக்கு எடுபிடியாகப் போங்கள், அவர் இடத்துக்குப் போகாதீர்கள். சரி, அப்படிப் போனால் படம் போட ஒன்றும் இருக்காதுதான்.

இரண்டு டீ பேச்சுவார்த்தைக்குப் பிறகு மீதி ஐந்து நாள் கூலியை என் 6,000-லிருந்து அக்காவுக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். நான் காய் நறுக்கினேன், அண்டா தேய்த்தேன். சாப்பாடு திடீரென்று நன்றாகிவிட்டதாக மாணவர்கள் சொன்னது என் காதிலும் விழுந்தது.

தம்பிக்கு நான் சொன்ன பட்டியல்: அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம், காற்றுப் புகாத டப்பாவில் தீப்பெட்டி, நான்கு ஜோடி காலுறை. அப்புறம், அங்கே இதுவரை சமைத்தது யார், நீ இருக்கும்போது அவருக்குச் சம்பளம் உண்டா என்று கேள் என்றேன்.

நேற்று கேட்டிருக்கிறான். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்" என்று பதில் வந்ததாம். டிக்கெட்டை இன்னும் ரத்து செய்யவில்லை.