ஓடியாந்தவன் கதை

போர் நாவல்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே ஒருவர் பேசிய வீடியோத் துணுக்கை ஆளாளுக்கு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

"அமெரிக்கப் போர் நாவலா? எல்லாம் கொடி பிடிக்கிற சமாச்சாரம்" என்றார் பேச்சாளர். கைதட்டல் வேறு. ஐயா வாசித்தது நாவலா, ஞாயிறு மதியம் டிவியில் போடும் டப்பிங் படமா?

அந்த மரபின் நாயகனே ஓடிப்போனவன்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு வருஷம் கழித்துப் பிறந்த ஸ்டீபன் கிரேன், போர்க்களத்தையே பார்க்காமல் 1895-இல் 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' எழுதினார். அதில் இளம் சிப்பாய் ஹென்றி துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். 1929, ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்': முதல் உலகப் போரில், கபொரேட்டோ தோல்விக்குப் பிந்தைய பின்வாங்கலில் இத்தாலிய ராணுவப் போலீஸே தங்கள் படை அதிகாரிகளைச் சுட்டுக்கொண்டிருக்க, அந்தப் படையில் வேலை பார்த்த அமெரிக்கன் ஃபிரெடரிக் ஆற்றில் குதித்துத் தப்புகிறான். 1961, ஹெல்லரின் 'கேட்ச்-22', இரண்டாம் உலகப் போர்க் கதை: இத்தனை தடவை குண்டு போடப் பறந்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற கணக்கைக் கர்னல் ஏற்றிக்கொண்டே போகிறார், விமானப்படை வீரன் யோசேரியன் ஸ்வீடனுக்குக் கிளம்பிவிடுகிறான். 1978-இல் டிம் ஓபிரையன் எழுதிய நாவலில் கச்சியாட்டோ என்ற சிப்பாய் வியட்நாம் போரிலிருந்து பாரிஸுக்கு நடந்தே புறப்படுகிறான்! எல்லாரும் ஓடுகிறார்கள் ஐயா. எந்தக் கொடி?

"ஹென்றி திரும்பி வந்து கொடியைத் தூக்குகிறானே" என்று ஒருவர் கமெண்டில் வருவார். தூக்குகிறான்தான். ஆனால் குண்டடிபட்டுத் தள்ளாடியவனை வயலில் தனியே விட்டுவந்த நினைவு கடைசி அத்தியாயம்வரை அவனைத் துரத்துகிறதே, அது கண்ணில் படவில்லையா?

"அமெரிக்கர்களின் வியட்நாம் போர்க் கதைகளில் வியட்நாம்காரன் முகமே இல்லையே" என்பது நியாயமான கேள்வி. வியட்நாமில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் வியட் தான் நுயென் 2015-இல் 'தி சிம்பதைசர்' எழுதியதே அந்தக் கோபத்தில்தான். ஆனால் அன்றைக்கு மேடையில் அதை யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், என் தாய்மாமா பட்டாளப் பயிற்சியிலிருந்து ஓடிவந்தவர். சாகும்வரை ஊரில் அவருக்கு "ஓடியாந்தவன்" என்றுதான் பெயர், கல்யாணப் பந்தியில்கூட. ஒருநாள் அவருக்கு ஓபிரையனின் 'ஆன் தி ரெய்னி ரிவர்' கதையைச் சொன்னேன். கட்டாய ஆள்சேர்ப்பு உத்தரவு வந்த பையன் கனடா எல்லை ஆறு வரை போய், படகில் உட்கார்ந்து அழுது, ஊர் என்ன சொல்லுமோ என்ற வெட்கத்தில் திரும்பிப் போருக்குப் போகிறான். போனதுதான் கோழைத்தனம் என்கிறான். மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஆத்தத் தாண்டிருக்கலாம்ல அவன்?" என்றார்.

கேள்வி நேரத்தில் இதைச் சொல்லத்தான் எழுந்தேன். "தலைப்புக்கு வாங்க தம்பி" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். முன்வரிசையில் சிரிப்பு. நீங்கள் அனுப்பும் வீடியோவில் அது மட்டும் இல்லை, கவனித்தீர்களா?