ஒரு பகுதியை நகர்த்தினால் மற்றது ஏன் நசுங்க வேண்டும்?

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் பிடிஓ (முன்பதிவின்பேரில் கட்டித்தரும் அரசாங்க அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறைக்கு அலமாரி வரைந்துகொண்டிருக்கிறோம். எனக்கு வேண்டியதெல்லாம் நடுப் பகுதி கொஞ்சம் அகலமாக வேண்டும், அவ்வளவுதான், அதற்கு இந்த அலமாரி வரையும் மென்பொருள் படுத்துகிற பாடு தாங்கவில்லை. மொத்த அகலம் 2400 மில்லிமீட்டர். மூன்று பகுதி என்றால் நிற்கும் பலகை நான்கு, ஒவ்வொன்றும் 18, ஆக 72 பலகைக்கே போய்விடும், உள்ளே மிஞ்சுவது 2328, சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 776. சரி, நடுவில் 900 என்று அடித்தால் மிச்சத்தை இரண்டு பக்கமும் 714, 714 என்று பங்கு போட வேண்டியதுதானே? அதைச் செய்யாது. இடப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வலப்பக்கத்தை மட்டும் 652க்கு நசுக்கி, அங்கே பார்த்துப் பார்த்து வைத்திருந்த இழுப்பறைகளையும் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிவிடும்.

சுட்டியால் இழுத்தாலோ ஐம்பது ஐம்பதாகத் தாவுகிறது. இந்தப் பகுதியைத் தொடாதே என்று பூட்டி வைக்க ஒரு வழி கிடையாது. நடுப் பகுதி அம்மாவின் பட்டுப்புடவைகள் தொங்கும் இடம், அதன் அகலம் குறையவே கூடாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கு. மலேசியாவின் ஜொகூரிலுள்ள தச்சுப் பட்டறையில் இந்தப் படத்திலுள்ள எண்ணைப் பார்த்துத்தான் பலகையை அறுப்பார்கள், அறுத்த பிறகு யாரிடம் போய் முறையிடுவது? மொத்த அகலத்தை மாற்றாமல் எந்தப் பகுதி சுருங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் போதும். மென்பொருளை உருவாக்கியவர்களே, அதைக் கேட்க வையுங்கள் முதலில்.