பில்தாத் சொன்னதைத்தான் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம்

போன ஞாயிறு மதுரையில் எங்கள் கிறிஸ்தவ சபையில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. நூலக பீரோ நின்ற இடத்தில் இப்போது சவுண்ட் மிக்சர் இருக்கிறது, புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. அவ்வளவுதான். "யாரும்மா இப்பல்லாம் வாசிக்கிறா? வேதம் ஒண்ணு போதும். மத்ததெல்லாம் ஜெப நேரத்தைத் திருடுது" என்று கமிட்டியில் இருக்கிற அண்ணன் ஒருவர் சொன்னார். சரி அண்ணே. அந்த ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வேதம் போதும் என்கிற நாம் வேதத்தை வாசிக்கிறோமா? காலையில் ரோஜாப்பூப் படத்தில் ஒரு வசனத்தை ஏற்றி நாற்பது பேருக்கு அனுப்புவதை நான் வாசிப்பில் சேர்க்கவில்லை.

"உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடைத் திறப்பு, கிரகப்பிரவேசம், பிள்ளையின் பரீட்சை, எல்லாவற்றுக்கும் இந்த வசனம்தான். எங்கள் வீட்டு நடுக்கூடத்திலும் பிரேமுக்குள் தொங்கியது. சொன்னது யார்? கர்த்தர் இல்லை, பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபுவிடம் துக்கம் கேட்க வந்தவர். வேதத்தில் யோபு புத்தகம், 8ஆம் அதிகாரம் 7ஆம் வசனம் அது. மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள். உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்குத் தக்கது நடந்திருக்கிறது என்கிற தோரணையில், பெற்ற தகப்பன் முகத்துக்கு நேராகப் பேசுகிறார். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் இந்த நண்பர்கள் மேல்தான் கோபப்படுகிறார், என்னைப் பற்றி நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். யோபுவின் முடிவு நன்றாக இருந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று தெரியாமலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறோமே!

இதை எனக்குச் சொல்லித் தந்தது பிரசங்கம் இல்லை. ஜெப நேரத்தைத் திருடுவதாகச் சொன்னீர்களே, அந்தக் கதைப் புத்தகங்கள்தான். ஒரு பாத்திரம் பேசுவதெல்லாம் ஆசிரியரின் பேச்சு ஆகாது என்று நாவல் வாசிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அப்பா இறந்த வாரம் எனக்கு ஜெபம் வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. "குடும்ப ஜெபம் குறைஞ்சிருச்சோ" என்று ஒரு அக்கா கேட்டார். அன்று ராத்திரி யோபு புத்தகத்தை எடுத்து, வசனம் தேடாமல், நாவலை வாசிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். 42 அதிகாரம், இரண்டு ராத்திரி. நண்பர்கள் மூவரும் வந்து ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் எவ்வளவு நல்ல மனுஷர்கள்! வாயைத் திறந்ததும்தான் கெட்டது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் ஜெபமும் வந்தது. நான் இன்றைக்கும் சபைக்கு வருகிறேன் என்றால் அந்த இரண்டு ராத்திரிதான் காரணம்.

உடனே "இயேசுவின் சீடர் பேதுரு படிப்பறியாதவர்தானே" என்று வருவார்கள். வரட்டும். வேதத்தில் பேதுருவின் இரண்டாம் நிருபம் (கடிதம்) 3:16ஐ எடுங்கள். பவுலின் நிருபங்களில் சில காரியங்கள் அறிவதற்கு அரிதானவை என்று இருக்கிறது. வாசித்தவர்தானே அப்படிச் சொல்ல முடியும்? பவுலோ சிறையிலிருந்து தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியோடு புஸ்தகங்களையும் எடுத்துவா, விசேஷமாய்த் தோற்சுருள்களை, என்கிறார். சாவு பக்கத்தில் நிற்கிறது, குளிர்காலம் வருகிறது, அந்த மனுஷன் புத்தகம் கேட்கிறார். நம் கமிட்டி கையில் கிடைத்திருந்தால் அவற்றையும் எடைக்குப் போட்டிருப்பார்கள்.

ஸ்பெயின் நாட்டு வீரர் லொயோலா இஞ்ஞாசியாரும் அப்படித்தான். 1521இல் பீரங்கிக் குண்டில் கால் உடைந்து படுத்தவர், பொழுது போக வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் அது இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் கதைகளும்தான் கிடைத்தன. கதைப் பசியில் அதை வாசித்தவர்தான் மனம் மாறினார். அவர் தொடங்கிய இயேசு சபையிலிருந்துதான் 1606இல் தத்துவ போதகர் என்கிற ராபர்ட் டி நொபிலி இதே மதுரைக்கு வந்து தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். "அவங்க ஆர்.சி., கத்தோலிக்கர் ஆச்சே" என்பீர்கள். சரி, நம் புராட்டஸ்டன்ட் ஆட்களுக்கே வருவோம். மதுரைக்குப் பக்கத்துப் பசுமலையில் அமெரிக்கன் மிஷனுக்கு அச்சகமே இருந்தது. எதற்கு, காலண்டர் போடவா?

படித்த பிள்ளைகள்தான் சபையை விட்டுப் போகிறார்கள் என்று இன்னொருவர் போனில் சொன்னார். இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. என் தம்பியும் போனவன்தான். ஆனால் அவன் கேள்வியோடு அந்த பீரோ முன்னால் நின்ற நாட்களில் யாராவது பக்கத்தில் போய் நின்றீர்களா? "விசுவாசி, கேள்வி கேக்காதே" என்றுதானே சொன்னீர்கள்?

நான் ஒன்றும் சபையில் புதிதாக வந்திருக்கிற மிக்சருக்கோ எல்இடி திரைக்கோ எதிரி இல்லை. பாட்டு வரிகள் பெரிதாகத் தெரிகின்றன, வயசானவர்களுக்கு நல்லது. பீரோவை நகர்த்தி வைத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் அதில் அப்பா கொடுத்த பதினேழு புத்தகங்கள் இருந்தன. மில்லில் நைட் ஷிப்டு முடித்து, முகம் கழுவி, நேரே கோயிலுக்கு வந்து, ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் அந்த பீரோ பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நான் உட்கார்ந்து படம் பார்ப்பேன். வாசிக்கிற பழக்கம் அங்கேதான் ஒட்டியது, விசுவாசமும் அங்கேதான். எது முதலில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். மூட்டையைப் பிரித்துத் தேட விட்டார் கடைக்காரர், நல்ல மனுஷர், டீ வேறு வாங்கிக் கொடுத்தார். ஆறு புத்தகங்கள் கிடைத்தன. எடை போட்டுத்தான் காசு வாங்கினார், கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். மற்றவை திங்கட்கிழமையே போய்விட்டனவாம்.

மதுரையில் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகிறவர்கள் யாராவது, லூக்கா சுவிசேஷத்துக்கு ஒரு தமிழ் விளக்கவுரை, பச்சை காலிகோ அட்டை, முதல் பக்கத்தில் நீல மையில் "என் மகள் பெரியவளாகி வாசிக்க" என்று எழுதியது, கண்ணில் பட்டால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.