ராஷ்ஃபோர்டை ஏன் இந்தப் பட்டியலில் சேர்த்தீர்கள்?

ஏழைக் குழந்தைகளுக்காகப் பிரபலங்கள் செய்யும் தொண்டு எல்லாம் புகைப்படத்துக்குத்தான் என்று, அவர்களைப் பட்டியலிட்ட ஒரு கட்டுரையில் கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பாதி சரி. விருந்து வைத்து, ஏலம் விட்டு, காசோலையோடு நின்று சிரிக்கும் கூட்டத்தின் மீது எனக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் மார்கஸ் ராஷ்ஃபோர்டையும் அதில் சேர்த்தது உறுத்துகிறது.

மான்செஸ்டரில் பள்ளியின் இலவச உணவைச் சாப்பிட்டு வளர்ந்த கால்பந்து வீரர் அவர். 2020 கொரோனா முடக்கத்தின்போது ஃபேர்ஷேர் என்ற தொண்டு அமைப்புக்கு நிதி திரட்டினார். அதோடு நின்றிருந்தால் நான் வாதாட வந்திருக்க மாட்டேன். ஜூனில் எம்.பி.க்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கோடை விடுமுறையிலும் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கு உணவுக் கூப்பன் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த போரிஸ் ஜான்சன் அரசு மறுநாளே இறங்கி வந்தது. சுமார் 13 லட்சம் குழந்தைகள், ஆளுக்கு வாரம் 15 பவுண்டு. எந்த நட்சத்திர ஏலத்தில் இவ்வளவு சேரும்?

அடுத்து வரும் பள்ளி விடுமுறைகளிலும் இந்த உணவு உதவி தொடர வேண்டும் என்று அக்டோபரில் வந்த எதிர்க்கட்சித் தீர்மானத்தை நாடாளுமன்றம் 322-க்கு 261 என்று தோற்கடித்தது. உடனே ஊர் ஊராக உணவகங்களும் உள்ளாட்சி மன்றங்களும் தாங்களே சாப்பாடு தருவதாக அறிவித்தன. அந்த அறிவிப்புகளை அவர் ட்விட்டரில் சளைக்காமல் பகிர்ந்துகொண்டே இருந்தார். நவம்பரில் அரசு மறுபடியும் பணிந்தது.

சம்பளம் வாங்கும் எம்.பி.க்களுக்கு அவர்களுடைய வேலையை 22 வயதுப் பையன் நினைவூட்ட வேண்டியிருந்ததே என்று கட்டுரையாளர் கோபப்பட்டிருந்தால், நானும் கூடச் சேர்ந்திருப்பேன்.