சர்க்கரை மாத்திரையை யாரும் ஒளித்து வைப்பதில்லை
"இலவச மாத்திரை வந்த பிறகு எய்ட்ஸும் சர்க்கரை நோய் மாதிரிதான்" என்று எய்ட்ஸ் சிகிச்சை பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது உடம்பைப் பொறுத்தவரை சரி. 2004இல் உலகம் முழுக்க சுமார் 20 லட்சம் பேர் எய்ட்ஸால் இறந்தார்கள், 2023இல் அது ஏறத்தாழ 6.3 லட்சமாகக் குறைந்திருக்கிறது. கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்பதும் நிரூபணமான விஷயம். ஆனால் சர்க்கரை மாத்திரையை யாரும் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பதில்லையே. கடலூர் முதுநகரில் என் சித்தி தன் எச்.ஐ.வி. மாத்திரையை அப்படித்தான் வைத்திருக்கிறார். உள்ளூரில் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, ஒரு நாள் மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு விடியற்காலை பஸ் பிடித்து புதுச்சேரி போய் மாத்திரை வாங்கி வருவார். நாலு வருஷம் முன்பு ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் "வேற இடம் பாருங்க" என்றார்கள், வார்டில் எல்லோர் காதிலும் விழும்படி. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி இதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதமில்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் "ஒழுக்கமாக இருந்தால் வராது" என்று எழுதியிருக்கிறார். படகு வேலைக்குப் போன சித்தப்பா மூலம்தான் சித்திக்கு வந்தது. கட்டிய கணவரோடு குடும்பம் நடத்தியதைத் தவிர அவர் என்ன செய்தார், சொல்லுங்கள்? இன்றைக்கும் டப்பாவின் லேபிளைக் கிழித்த பிறகுதான் மாத்திரையை வீட்டுக்குள் கொண்டு வருகிறார்.