தன்னந்தனியாக நெய்தாராம்!

போன வாரம் அந்த விழா மேடையில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இந்தக் காஞ்சிப் பட்டுப் புடவையை முதலிலிருந்து கடைசி வரை தன்னந்தனியாக நெய்த கலைஞர்" என்று அறிவித்தார்கள். ஒரே கைதட்டல். நெசவாளர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. பாவம், அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள்.

அது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும். வழக்கமான தறியில் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து நாடா தள்ளினால்தான் கரை சேரும். இதில் தன்னந்தனியாக எங்கே வந்தது?

இதைச் சொன்னதற்கு ஒருவர் எழுதுகிறார்: "தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் பெயர், மற்றதெல்லாம் எடுபிடி வேலை." சரிங்க. நூலுக்குச் சாயம் போடுகிறவர் எடுபிடி. விடியற்காலையில் தெருவில் பாவு, அதாவது புடவையின் நீளவாக்கு நூல், நீட்டிக் கஞ்சி போடுகிறவர்கள் எடுபிடி. நாடாவுக்குள் வைக்கிற நூல் தார் சுற்றுகிறவர், தறிக்கு டிசைன் அட்டையில் துளை அடிக்கிறவர், எல்லாரும் எடுபிடி. இத்தனையையும் ஒரே ஆள் செய்யட்டும், வருடத்துக்கு ஒரு புடவை வரும். கட்டுகிற மாதிரி இருக்குமா என்பது வேறு விஷயம்.

என் அம்மா இருபது வருடம் பாவு பிணைத்தவர். தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்க்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டு ஒரு திருகு, அடுத்தது. எங்களைத் திட்டிக்கொண்டே செய்வார், கை நிற்காது. முப்பது வருடம் தறியில் இருந்த அப்பா பிணைத்தால் நாலுக்கு ஒன்று அறுந்துவிடும். அவரே சிரித்துக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் கை தறிக்கு, அம்மா கை இழைக்கு. நான் ஒரு விடுமுறையில் உட்கார்ந்து பார்த்தேன், அரை மணி நேரம் தாங்கவில்லை.

"எல்லா வேலையும் எல்லாருக்கும் தெரிய வேண்டாமா?" என்கிறவர்கள் முதலில் தங்கள் பல்லைத் தாங்களே பிடுங்கிக்கொள்ளட்டும்.

"வேலையைப் பிரித்துத்தானே சாதி வந்தது?" என்று ஒரு நண்பர் கேட்டார். இது நியாயமான கேள்வி. சாதி வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். கைக்கு வருகிற வேலையை ஆள் தேடிக்கொள்வது வேறு, பிறப்பைப் பார்த்துத் தலையில் கட்டுவது வேறு. அம்மாவுக்கு வேறு வேலை தேடிக்கொள்ள வழி இருந்ததா? இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அவர் விரலில் இருந்தது திறமையே இல்லை என்பீர்களா?

கூலி பேசும்போது மட்டும் நாங்கள் நன்றாகத் தெரிவோம். "முடிச்சுப் போடுவதற்கு இவ்வளவா?" மேடை போட்டால் காணாமல் போய்விடுவோம்.

நேற்று அந்த வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். கொதிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முந்தானையைப் பெரிதாக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சாயம் யாருடா போட்டது? நல்லா ஏறியிருக்கு."